ஆவடி ரயிலும் ஜவுளிக் கடைத்தெருவும்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய ஊர்களில் வளரும் பதின்ம வயதுப் பிள்ளைகளும், விடுமுறை நாட்களில் அவ்வூர்களிலுள்ள உறவினர் வீடுகளுக்கு வந்து தங்கும் வெளியூர்ப் பிள்ளைகளும், கையிலிருக்கும் சில நூறு ரூபாய்க்குப் புதிய மோஸ்தரில் உடை வாங்க வேண்டுமானால், மின்சார ரயிலிலோ மாநகரப் பேருந்திலோ ஏறித் தியாகராய நகருக்கும் பழைய வண்ணாரப்பேட்டைக்கும் பாரிமுனைக்கும் செல்வது இன்று எவரும் வியக்காத வழக்கமாக இருக்கிறது. இந்த வழக்கத்தின் வயது ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே. அதற்கு முந்தைய முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தப் பகுதி துணியோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தபோதும், அந்தத் தொடர்பு பெரும்பாலும் பிறருக்காக நெய்வது, வெளுப்பது, தைப்பது என்ற அளவிலேயே நின்றது. லண்டன் வணிகரும், இந்திய ராணுவமும், ஐரோப்பிய, அமெரிக்கக் கடைகளும் அடுத்தடுத்து இப்பகுதியின் உழைப்பால் குறைந்த விலைக்குத் துணி பெற்றனர். இங்கேயே பிறந்து வளர்ந்த தொழிலாளர் வீட்டுப் பிள்ளை தனக்குப் பிடித்த உடையைத் தானே தேர்ந்து வாங்கும் நிலை மிகவும் பிற்காலத்தில், மாதச் சம்பளமும் ரயிலும் ஏற்றுமதியில் எஞ்சிய சரக்கும் ஒன்றுகூடிய பிறகே வாய்த்தது.

1639-இல் ஆங்கிலக் கிழக்கிந்திய கம்பெனியின் அலுவலர் பிரான்சிஸ் டே இன்றைய ஜார்ஜ் கோட்டை நிற்கும் மணற்பரப்பைத் தேர்ந்தெடுத்தபோது, அங்கே இயற்கைத் துறைமுகம் ஏதும் இருக்கவில்லை. கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட, சரக்கைப் படகுகளில் ஏற்றி அலைகளைக் கடக்க வேண்டியிருந்தது. அந்த இடர்ப்பாட்டையும் பொறுத்துக்கொள்ளக் கம்பெனி முன்வந்ததற்கு முதன்மையான காரணம், சுற்றுவட்டார ஊர்களில் நெய்யப்பட்ட பருத்தித் துணி மற்ற இடங்களைவிடக் குறைந்த விலைக்குக் கிடைத்ததுதான். இடத்தை வழங்கிய தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் வந்தவாசிப் பகுதியின் தலைவர். அவருடைய உடன்பிறந்தவரான அய்யப்ப நாயக்கரோ பூந்தமல்லியில் இருந்தபடி கடற்கரைப் பகுதியின் ஆட்சியைக் கவனித்து வந்தார். ஆகவே சென்னை என்ற மாநகரம் உருவாவதற்கு முன்பே பூந்தமல்லி ஓர் ஆட்சித் தலைமையிடமாக இருந்தது என்பதையும், அதன் ஆளுகைக்கு உட்பட்ட நிலத்தில்தான் துணிக்காகவே ஒரு நகரம் எழுப்பப்பட்டது என்பதையும் நினைவில் கொள்வது தகும். இன்று பூந்தமல்லியைப் பேருந்து மாறும் இடமாக மட்டுமே அறிந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்கலாம்.

கம்பெனி கொள்முதல் செய்த துணிகளுள் முக்கியமானது லாங் கிளாத் எனப்பட்ட வெள்ளைப் பருத்தித் துணி. வேட்டி, புடவை என்ற அளவுகளில் வெட்டப்படாமல் மிக நீளமான பாவில் நெய்யப்பட்டதால் அதற்கு அப்பெயர் வந்தது. தறியிலிருந்து வரும் பழுப்பு நிறத் துணியை வெளுத்து, சாயமேற்றி, அச்சிட்டு, மடித்துக் கட்டினால்தான் கப்பலில் ஏற்ற முடியும் என்பதால், கோட்டைக்கு வடக்கே வெளுப்பவர்கள் குடியேற்றப்பட்டு வண்ணாரப்பேட்டை உருவாயிற்று. திருவொற்றியூருக்கு அருகே ஆளுநர் ஜோசப் கொலெட்டின் பெயரால் அமைந்த நெசவாளர் குடியிருப்பு மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆனது. 1734-இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் நூற்பவருக்கும் நெய்பவருக்குமாகச் சிந்தாதிரிப்பேட்டை ஏற்படுத்தப்பட்டது. நெசவாளருக்கு முன்பணம் கொடுத்து, குறித்த நாளில் குறித்த தரத்தில் துணி கேட்பது கம்பெனியின் முறை. இடையில் நின்று இரு தரப்பையும் இணைத்த துபாஷி என்னும் மொழியறிந்த தரகர் தம் பங்கை எடுத்துக்கொள்ள, தரம் குறைந்ததென ஒதுக்கப்பட்ட துணியின் இழப்பு நெசவாளர் தலையில் விழுந்தது. கடல் கடந்த சந்தையில் நிலவிய குறைந்த விலைக்கு உள்ளூர்த் தறிக்காரர் தாங்கிய இந்தச் சுமை ஒரு காரணமாக இருந்தது என்பதைத் துணி வணிக வரலாறு எழுதுவோர் அழுத்திச் சொல்வது அவசியம். ஏனெனில் பின்னர் வந்த ஒவ்வொரு மலிவுக்கும் பின்னால் இதே கேள்வி, அதாவது விலைக் குறைவை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வி, தொடர்ந்து வருகிறது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைத்துணி இந்தியச் சந்தையில் வந்து குவிந்ததும் நிலை தலைகீழானது. பிறகு பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் மேலாண்மையில் பக்கிங்காம், கர்நாடிக் என்ற இரண்டு ஆலைகள் எழுந்தன. 1920-இல் ஒன்றாக இணைக்கப்பட்ட இவ்வாலைகள் காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் தேவைப்பட்ட காக்கித் துணிக்கும், பிற்காலத்தில் பள்ளிச் சீருடைத் துணிக்கும் பெயர் பெற்றன. இந்த ஆலைத் தொழிலாளரைக் கொண்டே 1918-இல் பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் போன்றோரின் முயற்சியால் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்த ஆலைகளுக்கு முன்பே, 1856-இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் பாதை திறக்கப்பட, அது பெரம்பூர், அம்பத்தூர், ஆவடி வட்டாரத்தின் ஊடாகவே மேற்கே சென்றது. எனினும் ரயில் வந்தவுடன் ஊர்க்காரர்கள் நகரத்துக்குத் துணி எடுக்கப் புறப்பட்டுவிடவில்லை. வயலும் ஏரியும் நிறைந்த அந்நாளைய அம்பத்தூரிலும் ஆவடியிலும் ரொக்கப் பணம் அறுவடைக் காலத்தில் மட்டுமே கையில் புழங்கியது. துணி தேவைப்பட்டபோது சந்தைக்கு வரும் கடைக்காரரிடமோ, மூட்டையைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக வரும் வியாபாரியிடமோ தவணைக்கு வாங்கிக்கொள்வதே பெரும்பாலானவர்களுக்கு இயன்றது.

அந்தக் காலத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு உடை கிடைத்த முறையைச் சற்று விரிவாகக் காண்பது பயனுள்ளது. ஏனெனில் அதன் முடிவில்தான் இளையோருக்கான ஆடைச் சந்தை பிறக்கிறது. துணி எடுப்பது என்பது ஆண்டில் தீபாவளிக்கும், இயன்றால் பொங்கலுக்கும், வீட்டில் திருமணம் நடந்தால் அதற்கும் நிகழ்கிற காரியமாக இருந்தது. வீட்டுத் தலைவர் ஒரே துணியில் பல கஜம் வாங்கி வர, அதிலிருந்தே எல்லாப் பெண்பிள்ளைகளுக்கும் பாவாடையும், எல்லா ஆண்பிள்ளைகளுக்கும் சட்டையும் தைக்கப்பட்டன. அடுத்த ஆண்டும் பொருந்த வேண்டும் என்பதற்காகத் தையற்காரர் அளவைப் பெரிதாக்கியும், பாவாடையின் கீழ்ப்பகுதியில் பிரித்துவிடத்தக்க மடிப்பு வைத்தும் தைத்தார். மூத்தவருக்குச் சிறியதாகிவிட்ட உடை இளையவருக்குச் சென்றது. இந்த ஏற்பாட்டில் பதினைந்து வயதுப் பெண்ணின் விருப்பத்துக்கோ பையனின் விருப்பத்துக்கோ இடமே இல்லை. சிறுவருக்கான உடைக்கும் பெரியவருக்கான உடைக்கும் இடையில் பதின்ம வயதினருக்கென ஒரு தனி உடை வகை இருந்ததென்றால், அது பெண்களின் பாவாடை தாவணி ஒன்றுதான். அதுவும் அவர்கள் தேர்ந்தெடுத்ததன்று, பூப்பெய்தியதைக் குறிக்கும் சமூக அடையாளமாக உடுத்தப்பட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது துணிப் பஞ்சம் கடுமையாகி, 1943-இல் பருத்தித் துணி, நூல் கட்டுப்பாட்டு ஆணை பிறப்பிக்கப்பட்டு, துணியும் பங்கீட்டுப் பொருளாயிற்று. விடுதலைக்குப் பின்னரும் ஏழைகளுக்குத் துணி வழங்குவது அரசின் பொறுப்புகளில் ஒன்றாகத் தொடர்ந்தது. ஆலைகள் தம் உற்பத்தியில் ஒரு பங்கை அரசு விதித்த விலைக்கு விற்கும் கட்டுப்பாட்டுத் துணித் திட்டமும், 1976-இல் கைத்தறிக்கென வந்த ஜனதா துணித் திட்டமும் இவ்வகையின. 1935-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம், அதாவது கோ-ஆப்டெக்ஸ், பண்டிகைக் காலத் தள்ளுபடியோடு துணி விற்றது. இவை மானத்தை மறைக்க உதவின என்பதில் ஐயமில்லை. ஆனால் கடைக்குச் செல்லும் இளைஞர் தம் தோற்றத்தைத் தாமே வகுத்துக்கொள்ளும் வாய்ப்பை இவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

மாற்றத்தின் வித்து மேற்குப் புறநகர்களிலேயே ஊன்றப்பட்டது. உலகப் போர்க் காலத்தில் பெரிய ராணுவக் கிடங்காக விளங்கிய ஆவடியில், 1955-இல் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோசலிச பாணிச் சமுதாயத்தைத் தன் இலக்காக அறிவித்தது. சில ஆண்டுகளில் அவ்வூரிலேயே பீரங்கி வண்டிகள் செய்யும் கனரக வாகனத் தொழிற்சாலையும், 1961-இல் படைத்துறை உடைத் தொழிற்சாலையும் அமைந்தன. உடைத் தொழிற்சாலை என்பது ராணுவ வீரர்களுக்குச் சீருடையும் குளிராடையும் கூடாரமும் தைக்கும் அரசு ஆலை. வரிசை வரிசையாக இயந்திரங்கள் ஓட, ஒருவர் கழுத்துப்பட்டையும் மற்றொருவர் கையும் வேறொருவர் பொத்தான் துளையுமாகப் பகுதி பகுதியாகத் தைத்து முழு உடையாக்கும் முறை அங்கே கையாளப்பட்டது. அளவெடுத்துத் தைக்கும் ஊர்த் தையற்காரரின் தொழிலிலிருந்து இது அடிப்படையிலேயே வேறுபட்டது. ஆயத்த ஆடை என்னும் பொருள் எங்கும் இம்முறையால்தான் பெருவாரியாக உருவாகிறது. அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள் ஆலையும் அடுத்த பத்தாண்டுகளில் டன்லப் டயர் ஆலையும் தொடங்கப்பட, 1964-இல் சிறுதொழில்களுக்கான தொழிற்பேட்டை உருவாயிற்று. வயல்களுக்கு நடுவே குடியிருப்புகளும் மனைப் பிரிவுகளும் பரவின.

இத்தொழிற்சாலைகள் கொண்டுவந்த மிகப் பெரிய மாறுதல் மாதந்தோறும் தவறாமல் வரும் சம்பளம். அதற்கு அடுத்தது போனஸ். 1965-இல் இயற்றப்பட்ட போனஸ் வழங்கல் சட்டம் தொடக்கத்தில் ஆண்டு ஊதியத்தில் 4 விழுக்காட்டைக் குறைந்தபட்ச போனஸாக விதித்தது. 1970-களின் தொடக்கத்தில் அது 8.33 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. இந்த விழுக்காட்டின் பொருள் எளியது: பன்னிரண்டு மாத ஊதியத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாதச் சம்பளம். தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்ற இத்தொகை வழக்கமாகத் தீபாவளிக்கு முன் கைக்கு வந்ததால், அம்பத்தூர், ஆவடி, பெரம்பூர்த் தொழிலாளர் குடும்பங்களின் துணிச் செலவு அந்த இரண்டு மூன்று வாரங்களில் குவிந்தது. சென்னைக் கடைத்தெருக்களின் வளர்ச்சியை வணிகர்களின் திறமையால் மட்டும் விளக்குவோர் இந்தச் சட்டத்தை நோக்கத் தவறுகின்றனர். கடைக்காரர் கூட்டத்தைக் கண்டுதான் சரக்கைக் குவித்தார். கூட்டத்தின் கையில் பணம் வைத்தது தொழிற்சங்க இயக்கமும் சட்டமும்.

பணம் வந்ததுபோலவே பாதையும் வந்தது. தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் இடையே 1931-லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. மேற்கு வழித்தடத்துக்கோ 1979 வரை அந்த வசதி கிட்டவில்லை. அவ்வாண்டு சென்னை சென்ட்ரலுக்கும் திருவள்ளூருக்கும் இடையே மின் தொடர் வண்டிகள் ஓடத் தொடங்கியதும், ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர், வில்லிவாக்கம் ஆகிய நிலையங்களிலிருந்து நகரத்தின் நடுப்பகுதிக்குக் குறைந்த கட்டணத்தில் விரைந்து செல்ல முடிந்தது. ரயில் பாதைக்கு அப்பால் அமைந்த பூந்தமல்லிக்கோ பெங்களூர் நெடுஞ்சாலையும் பேருந்துமே துணை. பூந்தமல்லிக்காரர்கள் வடபழனி, கோடம்பாக்கம் வழியாகத் தியாகராய நகரை நேரே அடைய, ஆவடிக்காரர்கள் சென்ட்ரலில் இறங்கிச் சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தில் வண்டி மாறி மாம்பலம் செல்ல வேண்டியிருந்தது. மேற்குப் புறநகரில் இருவேறு கடைத்தெருப் பழக்கங்கள் உருவானதற்கு இந்தப் பாதை வேறுபாடும் ஒரு காரணம்.

ரயிலில் வந்தவர்கள் சென்ட்ரலில் இறங்கியதும் முதலில் எதிர்கொண்டது மூர் மார்க்கெட். சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த ஜார்ஜ் மூர் 1898-இல் அடிக்கல் நாட்டி 1900-இல் திறக்கப்பட்ட இந்தச் செங்கல் கட்டடத்தில், பழைய புத்தகம் முதல் வளர்ப்புப் பறவை வரை விற்ற கடைகளுக்கிடையே மலிவான உடைகளும் கிடைத்தன. விலை எழுதி ஒட்டாத அங்காடி அது. வாங்குபவர் பேரம் பேசத் தெரிந்திருக்க வேண்டும், கடைக்காரர் சொல்லும் விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்கும் துணிவும் வேண்டும். 1985 மே மாத இறுதியில் தீ அந்தக் கட்டடத்தை அழித்தது. வியாபாரிகள் அருகிலுள்ள அல்லிக்குளம் வளாகத்துக்கு மாற்றப்பட, அங்காடி நின்ற இடத்தில் புறநகர் ரயில் நிலைய வளாகம் எழுந்தது. இன்றும் ஆவடி வண்டிகளின் புறப்பாட்டு நிலையம் மூர் மார்க்கெட் வளாகம் என்றே அழைக்கப்படுகிறது. கடற்கரை நிலையத்தை ஒட்டி 1969 வாக்கில் பர்மாவிலிருந்து அகதிகளாகத் திரும்பிய தமிழர்களின் மறுவாழ்வுக்காக உருவான பர்மா பஜாரில் வெளிநாட்டு டி-சட்டையும் ஜீன்ஸும் வாசனைத் திரவியமும் கிடைத்தன. இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு இருந்த அந்நாளில் வெளிநாட்டுப் பொருளைக் கண்ணால் காண்பதற்கே இளைஞர்கள் அங்கே சென்றனர். மொத்தத் துணி வாங்குவோருக்குக் கோடவுன் தெருவும், வடசென்னைக் குடும்பங்களுக்குப் பழைய வண்ணாரப்பேட்டையின் எம்.சி. ரோடும் இருந்தன. கம்பெனிக்காகத் துணி வெளுத்தவர்களின் குடியிருப்பு ஏழை எளியோர் துணி எடுக்கும் கடைவீதியாக மாறியது இந்நகரின் வரலாற்றில் மனநிறைவு தரும் திருப்பங்களில் ஒன்று.

இவை அனைத்தையும் பின்தள்ளி முன்னே வந்தது தியாகராய நகர். 1920-இல் நிறைவேறிய நகரமைப்புச் சட்டத்தின் கீழ் மாம்பலம் ஏரிப் பகுதியைச் சீர்படுத்தி உருவாக்கப்பட்டு, நீதிக் கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயர் சூட்டப்பட்ட இந்நகர், தொடக்கத்தில் நடுத்தர வகுப்பினரின் அமைதியான குடியிருப்பு. 1928-இல் காஞ்சிபுரத்துப் பட்டு விற்கும் நல்லி கடை அங்கே தொடங்கியது. பாண்டி பஜார் நீதிக் கட்சியையும் சுயமரியாதை இயக்கத்தையும் சேர்ந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனாரின் பெயரால் அமைந்தது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் உஸ்மான் சாலையையும் இணைக்கும் ரங்கநாதன் தெரு, ரயிலிலிருந்து இறங்குவோர் அனைவரும் கடந்தே ஆக வேண்டிய குறுகிய வழியாக இருந்ததால், 1970-களிலிருந்து வீடுகள் ஒவ்வொன்றாகக் கடைகளாயின. தென்மாவட்டங்களிலிருந்து வந்த வணிகர்கள் அங்கே ஒரு புதிய வணிக முறையை வளர்த்தனர். சிறு கடையாகத் தொடங்கிப் பல மாடிகளாக உயர்ந்த சரவணா ஸ்டோர்ஸ் அம்முறைக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டு. சூரத், ஈரோடு, திருப்பூர் போன்ற உற்பத்தி ஊர்களிலிருந்து பெருமளவில் நேரடிக் கொள்முதல், ஒரு பொருளில் மிகக் குறைந்த இலாபம், அதை ஈடுகட்டும் அளவுக்கு மிகுந்த விற்பனை, பேரத்துக்கு இடமில்லாத ஒரே விலை, ஒரே கூரையின் கீழ்ப் பாத்திரம் முதல் பட்டு வரை எல்லாம் என்பவை அதன் கூறுகள். திருமணங்கள் நடைபெறாத ஆடி மாதத்தில் விற்பனை படுத்துவிடுவதை ஈடுகட்ட வந்த ஆடித் தள்ளுபடி, நாளடைவில் புறநகர்க் குடும்பங்களின் இன்னொரு துணிப் பருவமாகவே நிலைத்துவிட்டது.

இதே காலத்தில் உடையும் மாறியது. 1973-இல் வெளியான பாபி என்னும் இந்தித் திரைப்படத்தைத் தொடர்ந்து புள்ளியிட்ட துணிகளும், ஆண்களிடையே கால்பகுதி அகன்ற பெல்பாட்டமும் பரவின. 1980-களின் நடுவில் நடிகை நதியா தமிழ்த் திரைக்கு வந்ததும் அவருடைய பெயரிலேயே கம்மலும் வளையலும் உடைகளும் கடைகளில் விற்றன. அவற்றைவிட ஆழமான மாறுதலைச் சுடிதார் கொண்டுவந்தது. பாவாடை தாவணிக்குத் துணி வெட்ட வேண்டும், ரவிக்கைக்கு அளவு கொடுக்க வேண்டும், தையற்காரரிடம் பல முறை அலைய வேண்டும். சுடிதாரோ ஆயத்தமாகத் தைக்கப்பட்டு உறையில் வந்தது, உடலுக்குச் சற்றுத் தளர்வாக இருந்தாலும் குறையாகத் தெரியவில்லை, சைக்கிள் ஓட்டவும் பேருந்தில் ஏறவும் வசதியாக இருந்தது. தையற்கடையில் தாய் தந்தையர் எடுத்த முடிவு, துணிக்கடையில் பெண்ணின் கைக்கு வந்தது. பதின்ம வயதுப் பெண் தன் உடையைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை சென்னையின் புறநகர்களில் பரவியதற்கு இந்த உடை ஆற்றிய பங்கு பெரிது.

உடை இந்நாட்டில் ஒருபோதும் வெறும் அலங்காரமாக இருந்ததில்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். யார் எதை உடுத்தலாம், எதுவரை மூடலாம் என்பதைச் சாதி வகுத்த காலம் தொலைவில் இல்லை. தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காகப் பல பத்தாண்டுகள் போராடி 1859-இல்தான் அரசாணையைப் பெற்றனர். தோள்சீலைப் போராட்டம் என அறியப்படும் அந்நிகழ்வின் நினைவு தென்மாவட்டங்களில் இன்றும் உயிரோடு இருக்கிறது. காலணி அணிவதும் வேட்டியை இறக்கிக் கட்டுவதும் குற்றமாகக் கருதப்பட்ட ஊர்களிலிருந்து ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் ஆலை வேலை தேடி வந்த குடும்பங்களுக்கு, ஊரும் பெயரும் கேட்காமல் எவர் கையும் தொட்டுப் பார்க்கும்படி துணியைக் குவித்து வைத்த கடைத்தெரு ஒரு விடுதலையின் அடையாளமாகவும் இருந்தது. ரங்கநாதன் தெருவின் நெரிசலைப் பற்றி எழுதுவோர் பலர் அதன் இரைச்சலையும் வியர்வையையும் மட்டும் பதிவு செய்திருப்பது ஒருதலைப்பட்சமானது. அந்த நெரிசலில் ஒருவரை ஒருவர் உரசி நடந்தவர்கள், முந்தைய தலைமுறையில் ஒரே தெருவில் நடக்க இயலாதவர்களாக இருந்திருக்கக்கூடும்.

1980-களில் இந்த வரலாறு மீண்டும் அம்பத்தூருக்குத் திரும்புகிறது. 1974-இல் நடைமுறைக்கு வந்த பல்வகை இழை ஒப்பந்தம், அதாவது எந்த நாடு எவ்வளவு ஆடையைப் பணக்கார நாடுகளுக்கு அனுப்பலாம் என்று பங்கு வகுத்த உலக ஏற்பாடு, இந்தியாவுக்கும் ஒரு பங்கை ஒதுக்கியது. அப்பங்கை நிறைவேற்ற எழுந்த ஏற்றுமதித் தையல் ஆலைகள் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையிலும் இடம்பிடித்தன. ஊரின் பெயரையே தாங்கிய அம்பத்தூர் கிளாத்திங் நிறுவனமும் அவற்றுள் ஒன்று. கொரட்டூர், திருமுல்லைவாயில், ஆவடி ஆகிய ஊர்களின் இளம்பெண்கள் அந்த ஆலைகளின் தையல் இயந்திரங்களில் அமர்ந்து வெளிநாட்டினருக்கான சட்டைகளையும் கால்சட்டைகளையும் தைத்தனர்.

ஏற்றுமதி ஆலையில் சரக்கு எஞ்சுவது தவிர்க்க முடியாதது. பத்தாயிரம் உடைகளுக்கு ஆணை வந்தால், தையலில் பழுதாகக்கூடியவற்றை எண்ணிச் சில நூறு உடைகளுக்கு அதிகமாகவே துணி வெட்டப்படும். பழுது குறைந்தால் கூடுதல் உடைகள் மிஞ்சும்; பழுது மிகுந்தால் ஒதுக்கப்பட்டவை குவியும்; நிறம் ஒரு சாயல் மாறினாலும், கப்பல் புறப்படும் நாள் தவறினாலும், வெளிநாட்டு வணிகர் முழு ஆணையையே கைவிடுவதும் உண்டு. இவ்வாறு தேங்கியவற்றை வியாபாரிகள் மொத்தமாக லாட் பேசி எடுத்து, நிறுவனத்தின் பெயர்ச் சீட்டைப் பாதியாக வெட்டிவிட்டு, பாண்டி பஜாரின் பிளாட்பாரக் கடைகளிலும் புறநகர்க் கடைகளிலும் எக்ஸ்போர்ட் ரிஜெக்ட் என்ற பெயரில் விற்றனர். திருப்பூரின் காதர்பேட்டை இத்தகைய சரக்குக்காகவே பெயர் பெற்றது. ஒரு தையல் விலகிய சட்டை அல்லது ஒரு பொத்தான் குறைந்த கால்சட்டை வெளிநாட்டு விலையில் மிகச் சிறு பங்குக்குக் கிடைத்ததால், அம்பத்தூர் மாணவர் ஒருவர் லண்டன் கடையில் தொங்கும் அதே உடையை அணிய முடிந்தது. அளவு மட்டும் ஐரோப்பிய உடலுக்கானது என்பதால், கடைவாசலில் இயந்திரத்தோடு அமர்ந்திருக்கும் ஆல்டரேஷன் தையற்காரர், அதாவது ஆயத்த ஆடையைப் பிடித்தும் சுருக்கியும் பொருத்தித் தருபவர், இந்த வணிகத்தின் இன்றியமையாத உறுப்பானார்.

தன் கையால் தைத்த உடையின் எச்சத்தைத் தன் தம்பிக்கோ தங்கைக்கோ விலைகொடுத்து வாங்கிய தையல் தொழிலாளியின் நிலை, விலைக் குறைவை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியைக் கூர்மையாக்குகிறது. 2014-இல் தமிழ்நாடு அரசு தையல் தொழிலுக்கு உயர்த்தி அறிவித்த குறைந்தபட்ச ஊதியத்தை எதிர்த்து உற்பத்தியாளர்கள் தொடுத்த வழக்குகளில், சென்னை உயர் நீதிமன்றம் 2016-இல் அரசின் அறிவிப்பை உறுதி செய்தது. மலிவின் சுமை உழைப்பவர் மேல் விழும் நிலை விற்பனை முனையிலும் ஒத்ததே. தென்மாவட்டச் சிற்றூர்களிலிருந்து அழைத்து வரப்பட்டு, கடைகள் ஏற்பாடு செய்த விடுதிகளில் தங்கி, காலை முதல் இரவு வரை நின்றபடியே துணி விரித்துக் காட்டிய இளைஞர்களின் வாழ்வை, 2010-இல் வசந்தபாலன் இயக்கத்தில் வெளிவந்த அங்காடித் தெரு திரைப்படம் பரவலான கவனத்துக்குக் கொண்டுவந்தது. துணி வாங்கவும் துணி விற்கவும் ஒரே தெருவில் எதிரெதிரே நின்றவர்கள் ஏறத்தாழ ஒரே வயதினர் என்பதை அதன் பிறகே பலர் உணர்ந்தனர்.

பல்வகை இழை ஒப்பந்தத்தின் வழிவந்த பங்கீட்டு முறை 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு முடிவடைந்தது. அதன்பின் உலகப் போட்டியும் உள்நாட்டுச் சந்தையும் ஒருசேர விரிந்ததால், வெளிநாட்டு எச்சத்தை நம்பியிருந்த மலிவுச் சந்தையில் இந்திய இளைஞருக்கென்றே தைக்கப்பட்ட உடைகள் நிறைந்தன. தியாகராய நகரின் பெருங்கடைகள் பாடியிலும் பிற புறநகர்களிலும் கிளை பரப்பின. அம்பத்தூர் 2011-இல் சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது, ஆவடி 2019-இல் தனி மாநகராட்சியானது. 2017-இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரி, 1,000 ரூபாய் வரையிலான ஆடைக்கு 5 விழுக்காடும் அதற்கு மேற்பட்டதற்கு 12 விழுக்காடும் விதித்து, எளியோர் உடைக்கு ஒரு விலை எல்லையை வகுத்தது. 2025 செப்டம்பரில் அந்த எல்லை 2,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கிடையே 2023-இல் மாம்பலம் நிலையத்திலிருந்து தியாகராய நகர்ப் பேருந்து நிலையம் வரை உயர்நடைபாதை திறக்கப்பட்டதால், ரங்கநாதன் தெருவின் நெரிசலில் இறங்காமலேயே அதைக் கடக்க முடிகிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து பனகல் பூங்கா வழியாகப் பூந்தமல்லி வரை திட்டமிடப்பட்ட மெட்ரோ வழித்தடம் அந்தப் பயணத்தின் தன்மையை இன்னும் மாற்றக்கூடியது.

2021-ஆம் ஆண்டு உழைப்பவர் பக்கத்தில் இரண்டு மாறுதல்களைக் கண்டது. அக்டோபரில் படைத்துறைத் தொழிற்சாலைகள் அரசு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, சங்கங்களின் எதிர்ப்பையும் மீறி, ஆவடி உடைத் தொழிற்சாலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ட்ரூப் கம்ஃபர்ட்ஸ் நிறுவனத்தின் கீழ்ச் சென்றது. அதற்கு முந்தைய மாதம் தமிழ்நாடு சட்டமன்றம் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, விற்பனையாளர்களுக்கு அமர இருக்கை தருவதையும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் அமர்ந்துகொள்ள விடுவதையும் கடை உரிமையாளர்களின் கடமையாக்கியது. நாள் முழுதும் நிற்பதால் கால் நரம்புகள் புடைத்து நோயுற்ற ஊழியர்களின் நீண்ட கோரிக்கைக்குக் கிடைத்த விடை அது. கேரளத்தில் துணிக்கடைப் பெண் ஊழியர்கள் போராடி 2018-இல் இதே உரிமையைச் சட்டமாக்கியிருந்ததும் அதற்கு முன்னோடியாயிற்று. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில், வாடிக்கையாளர் வரிசை அறாத நேரத்தில், அந்த இருக்கைகள் உண்மையிலேயே பயன்படுகின்றனவா என்பதைக் கவனிக்கும் பொறுப்பு தொழிலாளர் துறை ஆய்வாளர்களிடமும், துணி எடுக்க வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் இருக்கிறது.